மாஸ்டரும் ஆயாவும்

மதுரைக் கதைகளில் சாப்பாடு விற்றுப் பிழைத்தவர் என்று பேரோடு நினைவில் நிற்பவர் ஒரு கிழவி. வந்தி. வைகையில் வெள்ளம் வந்து கரை உடைத்தபோது, அடைப்பதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு அவித்து விற்றுத் தனியாகக் காலம் தள்ளிய வந்திக்கு அனுப்ப ஆளில்லை. அப்புறம் சிவனே கூலியாளாக வந்ததும், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டதும், வேலை செய்யாமல் படுத்துத் தூங்கிப் பிரம்படி வாங்கியதும், அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்ததும் ஊருக்கே தெரியும். ஆவணி மூலத் திருவிழாவில் சாமி இன்றைக்கும் வைகைக்கரைப் புட்டுத்தோப்புக்குப் போய்வருகிறார்.

நான் அந்த உத்தரவிலேயே நின்றுவிடுகிறேன். அடுப்பு வந்தியுடையது, அரிசி அவளுடையது, வருமானமும் அவளுடையது. அரசன் கணக்கிலே அது ஒரு வீடுதான், அதனால்தான் அவளுக்கும் உத்தரவு போனது. ஆனால் அந்த வீட்டில் ‘ஆள்’ இல்லை. அவிப்பதும் விற்பதும் ஆள் செய்கிற வேலையாக எண்ணப்படவில்லை.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மதுரையில் ஏதாவது ஒரு தெருவில் நில்லுங்கள். சமையல் பொம்பளை வேலை என்று நம் வீடுகளில் சொல்கிறோம் அல்லவா, தெருவைப் பார்த்தால் அது பாதிப் பொய் என்று தெரியும். ஆறு மணிக்கு ஒரு அக்கா நடைபாதையோரம் அடுப்பைப் பற்றவைத்து இட்லிக் கொப்பரையை ஏற்றுவார். துணி விரித்த தட்டில் மாவு ஊற்றி, ஆவி வந்ததும் கவிழ்த்து, துணியில் தண்ணீர் தெளித்து உரித்தெடுப்பார். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, சாம்பார் எல்லாம் மதியமே வீட்டில் தயாரானவை. எதிர்ச்சாரியில் பரோட்டாக் கல் சூடேறிக்கொண்டிருக்கும். அங்கே நிற்பவர் ஆண். மைதாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைத்து, உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி விரித்து, சேலை மடிப்புப் போலக் கொசுவிச் சுருட்டி, கல்லில் போட்டு எடுத்து, நாலைந்தை அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி அடிப்பார். கொத்து பரோட்டாவுக்கு அவர் போடும் தாளம் தெருக்கோடி வரை கேட்கும்.

இரண்டும் கைத்தொழில்தான். இரண்டுக்கும் பதம் வேண்டும். மாவு புளித்த அளவை மோந்து பார்த்துச் சொல்வது லேசான வித்தை இல்லை. ஆனால் எதிர்ச்சாரிக்காரருக்குப் பேர் மாஸ்டர். இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குப் பேர் இட்லிக்கார அக்கா, வயது ஏறினால் இட்லிப் பாட்டி. மாஸ்டரைக் கடைக்காரர் தேடிப்போய் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். அவர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் கடையே படுத்துவிடும். அக்காவின் வேலைக்குப் பயிற்சிக் காலம் என்று எவரும் கணக்குப் போடுவதில்லை, பிறந்தபோதே தெரிந்திருக்கும் என்பது போல.

நம் மொழியே இதற்குத் துணை போயிருக்கிறது. ஆண் சமையலைப் புகழ நளபாகம், பீமபாகம் என்று இரண்டு சொற்கள். பாகம் என்றால் பக்குவம், கற்றுத் தேறிய வித்தை. பெண் சமையலைப் புகழ கைமணம், கைப்பக்குவம். அவனுக்குச் சாஸ்திரம், அவளுக்கு உடம்பில் ஒரு பாகம். கைக்குப் படிப்பும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். இலக்கியத்தில் தேடினால் பெண்ணின் கையில் இருப்பது அமுதசுரபி. மணிமேகலை அதைக்கொண்டு பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறாள், ஆனால் அடுப்பு மூட்டுவதில்லை. பெண் ஊட்டுகிறவள், ஆண் சமைக்கத் தெரிந்தவன் என்ற பிரிவினை அப்படியே நம் ஹோட்டல் பலகை வரை வந்துவிட்டது. ‘அம்மா’, ‘வீட்டுச் சாப்பாடு’ என்று வெளியே எழுதியிருக்கும் கடைகளின் அடுப்படியை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கரண்டி பிடித்திருப்பவர் கைலியை மடித்துக் கட்டிய ஒருவராக இருப்பார். அம்மா பின்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டோ பாத்திரம் தேய்த்துக்கொண்டோ இருப்பார்.

இது மதுரைக்கு மட்டும் உரியதில்லை. உலகத்தின் பெரிய ஓட்டல்களில் வெள்ளைத் தொப்பி போட்ட தலைமைச் சமையல்காரர்கள் இன்றும் பெரும்பாலும் ஆண்கள்தான். நம் வீட்டுத் திரையில் ‘குக்கு வித் கோமாளி’ வந்தபோது, அடுப்பின் முன்னால் போட்டியாளர்களாகப் பெண்கள் நிறைய நின்றார்கள். மதிப்பெண் போட உட்கார்ந்தவர்கள் செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயற்காட்டில் அண்டா அண்டாவாகச் சமைத்துக் காட்டிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று கேட்டால் அது வம்பு.

ஏன் இப்படி என்று கேட்டால் மூன்று பதில் தயாராக இருக்கும். பாரம், ராத்திரி, சுத்தம்.

பாரம் என்பது இது: நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அண்டாவைப் பெண்ணால் இறக்க முடியாது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தமிழ்ச் சமையற்கட்டில் அதிகப் பாரமான சாமான்கள் எவை? ஆட்டுக்கல், அம்மி, உரல், உலக்கை. நான்கும் பெண்கள் கையில்தான் இருந்தன. கர்ப்பிணிகூட மாவாட்டினாள். கிரைண்டர் வந்தபிறகு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று ஆகிவிட்டது. பாரம்தான் பிரச்சினை என்றால் பாரமாக இருந்தபோது மாவாட்டுவதை ஆண்கள் எடுத்திருப்பார்கள், வேலை எளிதான பிறகுதான் பெண்களிடம் விட்டிருப்பார்கள். இரண்டும் நடக்கவில்லை. 2011-ல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தபோதுகூட அவை பெண்கள் பேரில்தான் வந்தன. கட்டட வேலையிலும் இதே கதைதான். செங்கலும் கலவையும் தலையில் சுமந்து மாடியேறுகிறவள் சித்தாள், கரண்டி பிடிப்பவர் கொத்தனார். பாரம் அவள் தலையில், கூலி அவர் கையில்.

ராத்திரி என்ற வாதம் சென்னையில் எடுபடலாம், மதுரையில் எடுபடாது. தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் பதினோரு மணிக்கும் தெருவோரம் உட்கார்ந்து இட்லியும் பணியாரமும் விற்கிற பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ராத்திரி அவர்களுக்கு ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்தோடுதான் விற்கிறார்கள். தன் சொந்தக் கடையில் விற்கும்போது இல்லாத அக்கறை, சம்பளத்துக்கு வேலை கேட்டு வரும்போது மட்டும் முளைக்கிறது என்பதுதான் விஷயம்.

சுத்தம் கொஞ்சம் ஆழமான சமாசாரம். கோயில் மடைப்பள்ளியில் பெண்ணுக்கு இடமில்லை. மீனாட்சி அம்மனுக்கு நைவேத்தியம் செய்வதும், அழகர்கோயிலில் பேர்போன அந்தத் தடித்த தோசையைச் சுடுவதும் ஆண்கள். சித்திரையில் பட்டாபிஷேகம் செய்து, செங்கோல் கொடுத்து, ஆடி முடிய நான்கு மாதம் ஊரை ஆளுகிற அரசியாக வணங்கப்படும் அம்மனுக்கே சமைத்துப் போட ஒரு பெண் கிடையாது. மாதவிலக்குதான் காரணம் என்பார்கள். கல்யாண வீடுகளுக்கும் அந்த வழக்கமே நீண்டது. தெற்கத்தி ஊர்களில் விருந்துச் சமையல்காரருக்குத் தவசிப்பிள்ளை என்று பேர். அந்தச் சொல்லுக்குப் பெண்பால் நான் கேட்டதில்லை. சரி, தீட்டுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பிரியாணிக் கடையில் தீட்டு எங்கிருந்து வந்தது? அங்கே மடி பார்ப்பாரும் இல்லை, மந்திரம் சொல்வாரும் இல்லை. ஆனாலும் தேக்சா முன்னால் நிற்பவர் ஆண்தான்.

திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியைப் பார்த்தால் வேறொரு காரணம் பிடிபடும். ஊர் ஊராக இருக்கும் முனியாண்டி விலாஸ்களுக்குத் தாய்வீடு அந்தக் கிராமம். வருடாவருடம் தை மாதத்தில் ஹோட்டல் முதலாளிகள் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்து, முனியாண்டி சாமிக்குக் கிடாயும் சேவலும் வெட்டி, ராத்திரி முழுக்கப் பிரியாணி ஆக்கி, விடியற்காலையில் வந்தவர்க்கெல்லாம் கொடுப்பார்கள். பெண்கள், பிள்ளைகள் என்று வித்தியாசம் இல்லாமல் பாத்திரத்தோடு வந்து வாங்கிப்போவார்கள். போன நூற்றாண்டின் முப்பதுகளில் தொடங்கிய இந்த ஹோட்டல் தொழிலுக்குப் பின்னால் இருப்பது மானாவாரிப் பூமி. மழை தப்பினால் பிழைப்பு தப்பும். ஊரைவிட்டு வெளியேறியவர்கள் ஆண்கள். கடையிலேயே தங்கி, கடையிலேயே தூங்கி, ஒருவனுக்கு ஒருவன் கற்றுக்கொடுத்துத் தொழிலை வளர்த்தார்கள். வீட்டு அம்மியில் அரைத்த மசாலா அவர்களோடு பஸ் ஏறியது. அரைத்தவள் ஏறவில்லை. நான் புரிந்துகொண்ட அளவில், தொழில்முறைச் சமையல் ஆண்கையாக ஆனதற்கு வேறெதைவிடவும் பெரிய காரணம் இந்த இடப்பெயர்வுதான். ஊர் விட்டு ஊர் போக யாருக்கு அனுமதி இருந்ததோ, அவர்களிடம் சமையல் தொழிலாயிற்று. இருந்த இடத்தில் இருக்க வேண்டியவர்களிடம் அது கடமையாகவே நின்றுவிட்டது.

அதே திருமங்கலம் வட்டாரத்தில் இன்னொரு கோயில், கரும்பாறை முத்தையா சாமி. மார்கழியில் அங்கே நடக்கும் கறிவிருந்தில் ஆண்களுக்கு மட்டும் இடம். நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடாய்களை வெட்டுவதிலிருந்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, பரிமாறி, ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவது வரை எல்லாம் ஆண்கள். சாப்பிட்ட இலையை எடுப்பதில்லை. அது காய்ந்துபோன பிறகுதான் பெண்கள் அந்தப் பக்கம் வருவார்கள். ‘விநோத வழிபாடு’ என்று செய்தி போடுகிறார்கள். எனக்கு அதில் விநோதம் தெரிவது வேறு இடத்தில். அத்தனை ஆயிரம் பேருக்கு உலை வைக்கத் தெரிந்த ஆண்கள் அத்தனை பேரும் மறுநாள் காலை வீட்டுக்குப் போய், ‘காப்பி இன்னும் போடலையா’ என்று கேட்பார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. தென் மாவட்டங்களில் பெண்கள் இருக்கும் ஔவையார் நோன்பு. செவ்வாய்ப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். ‘அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி’ என்று வாய்மொழியிலேயே நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி, வீட்டு ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, பச்சரிசி மாவில் உப்பில்லாமல் விதவிதமாகக் கொழுக்கட்டை பிடித்து அவித்து, கதை சொல்லிக் கும்பிட்டு, விடிவதற்குள் தாங்களே தின்று தீர்த்துவிடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தாலும் ஆண்பிள்ளை பார்க்கவோ தின்னவோ கூடாது. ஆண்களின் விருந்து நாளிதழில் படத்தோடு வரும். இதைப் படமெடுக்க ஆளில்லை, விடவும் மாட்டார்கள். இது சமத்துவமா என்றால் இல்லை. வருடம் முழுக்கப் பிறருக்காகச் சமைத்தவள் ஒரு ராத்திரி தனக்காகச் சமைக்கிறாள், அதிலும் உப்பில்லாமல். ஆனால் சமையற்கட்டு வெறும் சிறை இல்லை என்பதை இந்த நோன்பு சொல்கிறது. ‘என் அடுப்பங்கரைக்குள்ள வந்து எதையும் நோண்டாதே’ என்று மகனை விரட்டும் அம்மாவை நமக்குத் தெரியும். பருப்பு டப்பாவுக்குள் சிறுவாடு சேர்த்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய அம்மாவையும் தெரியும். வேறெங்கும் அதிகாரம் இல்லாதவளுக்கு அந்தப் பத்தடிக்குப் பத்தடிதான் ராஜ்யம். அதைப் பங்குபோட அவளே தயங்குவாள். இதைச் சொல்லாமல் ஆண்களை மட்டும் குறை சொல்லிப் போவது அரைகுறை விளக்கம்.

சமைப்பதில் இருக்கும் கோடு சாப்பிடுவதிலும் உண்டு. எங்கள் பக்கத்தில் கறிக்கு உறவுமுறை இருக்கிறது. நெஞ்செலும்பும் நல்லியும் வீட்டு ஆம்பளைக்கு. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் பால்சுறாவும். ரத்தம் குறைந்தவளுக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், சுட்டோ வதக்கியோ. கவனித்தால் தெரியும், பெண்ணுக்கென்று ஒதுக்கிய எல்லாமே ஒரு சடங்குக்கோ பிரசவத்துக்கோ மருந்தாக வருபவை. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அவள் பங்கு என்னவென்றால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பது. ‘சட்டிச் சோறு ருசி’ என்று அவளே சொல்வாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம். மாதவிலக்கும் பிரசவமும் இதில் பெரும்பங்கு என்பது உண்மை. கடைசியில் சாப்பிடுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி அரசாங்கத்தின் அடுப்புக்கு வருவோம். ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சமையல் சம்பள வேலையானது அங்கேதான். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவைத் தொடங்கியபோது ஊருக்கு ஊர் சமையலறை முளைத்தது. 2013-ல் அம்மா உணவகம் வந்தது, மகளிர் சுயஉதவிக் குழுவினர் நடத்த, ஒரு ரூபாய்க்கு இட்லி. 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது, கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், ஒரு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள். பெரிய அண்டாவும் பெரிய கரண்டியும்தான் எல்லாவற்றிலும். பெண்ணால் இறக்க முடியாத அண்டாவைப் பெண்கள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் திட்டங்கள் நல்லவை. பசியோடு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு உப்புமா கிடைப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் சத்துணவு வேலை கைகொடுத்திருக்கிறது. நான் பார்ப்பது அதற்குள் ஓடும் நினைப்பை. காலை உணவு சமைக்கும் குழுப் பெண்ணின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு விதி. தன் பிள்ளையும் தின்னும் என்றால் தாய் ஒழுங்காகச் சமைப்பாள். தாய்ப்பாசமே தரக்கட்டுப்பாடு. அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் இருக்கிறார் என்பது எவருக்கும் தோன்றவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சமைப்பவரையும் உதவியாளரையும் கூப்பிடும் பேர் ‘ஆயா’. மாஸ்டர் என்று எந்தப் பள்ளியிலும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெண் என்றாலும் எந்தப் பெண் என்ற கேள்வி வேறு இருக்கிறது. 2018-ல் அவிநாசி பக்கம் ஒரு தலித் பெண் சமைக்கக்கூடாது என்று சிலர் தகராறு செய்து, வழக்கு வரை போனது. வீட்டு வேலை என்று சொல்லித் தரும்போது எல்லாப் பெண்ணும் ஒன்று. சம்பள வேலை என்று ஆனதும் சாதி வந்து வாசலில் நிற்கும்.

வீட்டுக்குள் நடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஐந்து வருடம் கழித்து 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்திருந்தது. மிக்சியோ, குக்கரோ, கடையில் வாங்கும் மாவுப் பாக்கெட்டோ மிச்சப்படுத்தியது அந்தப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய நேரமும் 88 ஆகக் குறைந்துவிட்டது.

ஆகவே பாரமும் இல்லை, ராத்திரியும் இல்லை, சுத்தமும் முழுக் காரணம் இல்லை. மதுரைத் தெருவிலும் திருமங்கலத்துக் காட்டிலும் பள்ளிக்கூடத்து அடுப்படியிலும் நான் பார்த்தவரை கோடு ஓடுவது காசும் பேரும் இருக்கும் வழியில். இரண்டில் ஒன்று வந்தாலும் கரண்டி ஆண் கைக்கு மாறுகிறது. இரண்டும் இல்லையென்றால் அது பெண்ணின் இயல்பு, கைமணம், தாய்மை. கேரளத்தில் எருமேலிப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரி மாணவி பரோட்டா வீசுவது 2021-ல் பெரிய செய்தியானது. ஒரு பெண் சமைத்தது செய்தி! வீட்டுக்கடையில் தாய்க்கு உதவியாகத்தான் அவர் கற்றுக்கொண்டார். வீசும் மாவு மைதா என்பதால் நாடே பார்த்தது. அதே கை இட்லி அவித்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2024 டிசம்பரில் தமிழக அரசு சத்துணவு மையங்களில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப ஆணையிட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். கைதேர்ந்த பரோட்டா மாஸ்டர் நாலைந்து நாளில் வாங்கிவிடுகிற தொகை. அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடிந்தவர்கள் பெண்கள் மட்டும்.